போன காய்ச்சலும் வந்த மருமகளும்

இராஜம்மா சொன்ன பொய் மூன்றே வார்த்தை. "இல்லீங்க ஐயா, வந்ததில்ல." ஆனால் அந்த மூன்று வார்த்தை, கல்யாணமாகி ஒரு மாதம்கூட நிறையாத ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கே உலை வைக்கப் பார்த்தது.

அவள் கெட்டவள் அல்ல. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பார்கள். பதினாறு வயதில் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு கிள்ளானுக்கு வந்தவள். துறைமுகத்துக்குத் தண்டவாளம் பழுது பார்க்கும் கூட்டத்தில் அவனுக்கு வேலை. மூன்று வருஷத்தில் அவனுக்கு ஏழு தடவை காய்ச்சல் வந்து வந்து போயிற்று. எட்டாவது தடவை காய்ச்சல் போகவில்லை; அவன் போய்விட்டான். இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோலாலம்பூருக்கு ரயிலேறியவள், ரயில்வே டிப்போ வாசலில் இடியாப்பக் கூடையை இறக்கி வைத்தாள். அன்றிலிருந்து இருபது வருஷம் அந்தக் கூடை ஒரு நாளும் அங்கே வராமல் இருந்ததில்லை. இடியாப்பம் பிழிந்து பிழிந்தே அந்தப் பிள்ளையை ஆளாக்கினாள். தம்புசாமி இன்ஜினில் கரி அள்ளிப் போடும் பயர்மேனாக ஏறிய அன்று, முதல் தடவையாகக் கூடையில் இருந்ததை எல்லாருக்கும் சும்மாவே எடுத்துக் கொடுத்தாளாம்.

அது 1927-ஆம் வருஷம். ஆவணி மாதம் தம்புசாமியை இரண்டு மாத மாற்றலில் சுவெட்டன்ஹாம் துறைமுகத்து இன்ஜின் கொட்டகைக்கு அனுப்பினார்கள். சேறும் சதுப்பும் கொசுவும் நிறைந்த இடம். போன மூன்றாவது வாரம் அவன் படுத்துவிட்டான் என்று செய்தி வந்தது. இராஜம்மா கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் காய்ச்சல். மத்தியானம் மூன்று மணிக்குச் சொல்லி வைத்த மாதிரி குளிர் வரும். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும். பிறகு உடம்பு அனலாகக் காயும். பிறகு பாயெல்லாம் நனைகிற மாதிரி வியர்க்கும். புருஷனிடம் பார்த்த அதே காய்ச்சல். பன்னிரண்டு நாள் அவள் கண் மூடவில்லை. துறைமுகத்து மருந்துச்சாலையில் மஞ்சள் உறையில் குயினைன் மாத்திரை கொடுத்து, "காய்ச்சல் விட்டாலும் நீ விடாதே. மூன்று மாதம் தினமும் விழுங்க வேண்டும்" என்றார்கள். கடைசியில் சாமி புண்ணியத்தில் காய்ச்சல் விட்டது.

இராஜம்மாவுக்கு அன்று பிறந்த குழந்தையைக் கையில் வாங்கிய மாதிரி இருந்தது. புதன்கிழமை பார்த்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தண்ணீர் காய்ச்சி மகன் தலைக்கு ஊற்றினாள். தலைக்கு ஊற்றியாகிவிட்டால் நோய் படி இறங்கிவிட்டது என்று கணக்கு. அதற்கப்புறம் மருந்தை வாயில் வைக்கிறவன், போன நோயைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். அவள் அம்மா அப்படித்தான் சொன்னாள். கிள்ளானில் அவள் குடியிருந்த கூலி லயத்தில் இருந்த அத்தனை பெண்களும் அப்படித்தான் செய்தார்கள். அதனால், ஊற்றிய ஈரக் கையோடு அந்த மஞ்சள் உறையைக் கொண்டுபோய்க் கொட்டகைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் விட்டாள். மாத்திரைகள் வெள்ளை வெள்ளையாய் மிதந்து போவதைப் பார்த்துக் கும்பிடு வேறு போட்டாள்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஐப்பசியில் தம்புசாமிக்குக் கல்யாணம். கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கூலிகளை மேய்க்கும் தண்டல் சபாபதியின் மகள் சீதாலெட்சுமி. நல்ல இடம். மாப்பிள்ளை மாத்திரை தின்கிறவன் என்று அந்த வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?

"தம்பு, இந்தக் காய்ச்சல் பேச்சு ஒன் வாயிலேர்ந்து வரக் கூடாது. போனது போச்சு," என்றாள்.

"கேட்டா?"

"கேட்டா சேத்துல வழுக்கி விழுந்தேன்னு சொல்லு. இளைச்சுப் போனதுக்கு அது போதும்."

அவன் அம்மா பேச்சைத் தட்டியதே இல்லை. அன்றும் தட்டவில்லை.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. சீதாலெட்சுமி வீட்டுக்குள் கால் வைத்தாள். பதினெட்டு வயது. சிரித்தால் சத்தம் வராமல் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொள்ளும் பெண். தோட்டத்தில் விடியுமுன் எழுந்து பழகியவள் ஆதலால், இராஜம்மா கண் விழிக்கும்போது அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். மூன்றாம் நாளே இடியாப்ப உரலை மாமியார் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"நீங்க இருபது வருஷம் பிழிஞ்சாச்சு அத்தை. போய் உக்காருங்க."

"நீ பிழிஞ்சா நூல் தடியா வருதுடி."

"தடியா இருந்தா வயிறு நிறையும். ரயில்காரவங்களுக்கு வயிறுதான் பெருசு."

இராஜம்மா சிரித்துவிட்டாள். அன்று டிப்போ வாசலில் வாங்க வந்தவனிடமெல்லாம், "என் மருமக பிழிஞ்சது" என்று சொல்லித்தான் இலையில் வைத்தாள். அவள் வாழ்க்கையில் அதுவரை யாரும் அவளிடம் 'போய் உட்கார்' என்று சொன்னதில்லை!

பதினெட்டாம் நாள் மத்தியானம் தம்புசாமி வேலையிலிருந்து பாதியில் வந்தான். வாசலிலேயே குந்திவிட்டான். கைகால் நடுங்க, பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. அடுக்களையில் இருந்த இராஜம்மாவுக்கு அவனைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. அந்தப் பல் சத்தம் போதும்.

பயம் மனுஷர் வாயை என்னென்னவோ பேச வைக்கும். அன்று சாயங்காலம் பொதுக் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றவளிடம், பக்கத்து வீட்டு உர்சுலா கேட்டாள். சிக்னல்காரர் கிரிகரியின் பெண்சாதி. மனசில் பட்டதை மறைக்கத் தெரியாதவள்.

"என்னக்கா, மொகம் செத்துப் போயிருக்கு?"

"என் பிள்ளைக்குக் காய்ச்சல் உர்சுலா. கல்லு மாதிரி இருந்தவன். இவ கால் வச்சு முழுசா இருபது நாள் ஆகல, பாரு..."

"சும்மா இருங்கக்கா! கொசு என்ன, கால் ராசி பாத்தா கடிக்குது?" என்றாள் உர்சுலா.

அவள் சிரித்துவிட்டுப் போனாள். குழாயடியில் நின்ற மற்றவர்கள் சிரிக்கவில்லை. வார்த்தை இராஜம்மாவின் வாயை விட்டுப் போய்விட்டது. இனி அது அவள் சொத்து அல்ல.

மறுநாள் காலையில் மகனை ரிக்ஷாவில் ஏற்றி ரயில்வே மருந்துச்சாலைக்குக் கூட்டிப் போனார்கள். மருந்து கொடுக்கும் டிரஸர் கார்த்திகேசு யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்துக்கொண்டு, ஆளை மேலே பார்த்து ஒரு கேள்வி, கீழே பார்த்து ஒரு எழுத்து என்று வேலை செய்கிறவர். தம்புசாமியின் விலாவுக்குக் கீழே அமுக்கிப் பார்த்தார்.

"ஈரல் பக்கம் வீக்கம் கிடக்குது. முந்தி எப்பவாவது இப்பிடிக் குளிர்க் காய்ச்சல் வந்ததோ?"

தம்புசாமி மூன்று போர்வைக்குள் முனகிக்கொண்டிருந்தான். அவனுக்குக் காது கேட்கிற நிலையில்லை. பக்கத்தில் குடையை மடக்கிப் பிடித்தபடி சீதாலெட்சுமி நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தாள் இராஜம்மா. ஆம் என்றால் இன்றைக்கே அப்பனுக்குச் சொல்லி அனுப்புவாள். நோயாளியைக் கட்டி வைத்தார்கள் என்று கிள்ளான் முழுக்கப் பேசுவார்கள். அதுவும் போக, தலைக்கு ஊற்றி அனுப்பிய காய்ச்சல் எப்படி வரும்? இது வேறு காய்ச்சல்தான்.

"இல்லீங்க ஐயா, வந்ததில்ல."

"அப்ப புதுசு." கார்த்திகேசு எழுதினார். "பத்து நாள் மாத்திரை போதும். இந்தப் பக்கத்துச் சாக்கடைக்கெல்லாம் எண்ணெய் ஊத்திப் போட்டம், கொசு குறைவு. உங்கட வீட்டுக்குப் புதுசா ஆரும் வந்தவையோ?"

சீதாலெட்சுமிதான் மெல்லச் சொன்னாள்: "நான் வந்தேனுங்க. தோட்டத்துலேர்ந்து."

"ஓ. தோட்டத்துச் சனத்தின்ர இரத்தத்தில இது ஒளிஞ்சு கிடக்கும் பிள்ளை. உன்னைக் கடிச்ச கொசு அவனைக் கடிச்சால் போதும். விரலைக் காட்டு பாப்பம்."

அந்தப் பெண் மறுபேச்சுப் பேசாமல் விரலை நீட்டினாள். ஊசி குத்தியது. ஒரு சொட்டு இரத்தம் கண்ணாடித் துண்டில் விழுந்தது. வரிசையில் மருந்துக்குக் காத்திருந்த கோட்டர்ஸ் ஜனங்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். ஐயோ, தெய்வமே! சாயங்காலத்துக்குள் முடிவாகிவிட்டது: நோயைக் கொண்டுவந்தது மருமகள்தான், ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள்.

பிறரெல்லாம் நம்பியது போகட்டும். அந்தப் பெண்ணே நம்பிவிட்டாள். அதுதான் கொடுமை. அன்றிலிருந்து அவள் புருஷன் படுத்திருந்த அறைக்குள் போவதில்லை. கஞ்சியை வாசற்படியில் வைத்துவிட்டு, "அத்தை, நீங்க குடுத்திடுங்க" என்பாள். தலைமாட்டில் அமர்ந்து விசிற வேண்டியவள், கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவன் முனகலைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"ஏன் புள்ள வெளியவே இருக்க?"

"நான் கிட்டப் போனா அவருக்குக் கூடிடும் அத்தை."

உள்ளே தம்புசாமி கேட்டான்: "அவ ஏம்மா கிட்ட வரமாட்டேங்கிறா? என்னைப் பாத்தாப் பயமா இருக்கா?"

"அடுப்புல வேலை கெடக்குதுப்பா," என்றாள் இராஜம்மா. முதல் பொய்க்குப் பிறந்த குட்டி இது.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. மாத்திரை வாங்கப் போன இராஜம்மாவிடம் கார்த்திகேசு சொன்னார்: "மருமகளின்ர இரத்தம் பாத்தாச்சு. ஒண்டும் இல்லை. பளிங்கு மாதிரிச் சுத்தம்."

இதை வழி நெடுகச் சொல்லிக்கொண்டு போயிருக்க வேண்டாமா? அவள் சொல்லவில்லை. சொன்னால், 'பிறகு எங்கிருந்து வந்தது?' என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு அவளிடம் மட்டும்தான் பதில் இருந்தது. அதை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். பத்து நாள் மாத்திரையையும் எண்ணி எண்ணிக் கொடுத்தாள். மகன் வேலைக்குப் போனான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தாள். ஆனால் சீதாலெட்சுமி மட்டும் இன்னும் அடுக்களை மூலையில் தனிப் பாயில்தான் படுத்தாள். உள்ளங்கையால் பொத்திக்கொள்ள அவளுக்குச் சிரிப்பே வரவில்லை.

கார்த்திகை கடைசியில், டிப்போவில் கரி அள்ளிக்கொண்டிருந்த தம்புசாமியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதே மூன்று மணி. அதே குளிர். இந்தத் தடவை அவன் முகம் வெளிறிப்போய், நகக்கண்ணெல்லாம் மெழுகு மாதிரி இருந்தது. கோட்டர்ஸ் பேச்சு அன்றைய ரயிலிலேயே கிள்ளானுக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலை, வீட்டில் யாரிடமும் சொல்லாமல், இராஜம்மா தனியாக மருந்துச்சாலைக்குப் போனாள். வரிசையில் கடைசி ஆளாக நின்றாள். கார்த்திகேசு பழைய சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு சொல்லை எழுதி அதன் பக்கத்தில் கேள்விக்குறி போட்டார்.

"என்ன எழுதுறீங்க ஐயா?"

"ரிலாப்ஸ். திரும்பி வந்திருக்கு எண்டு அர்த்தம். என்ர சந்தேகம் அது. ஆனால் கணக்கு உதைக்குது."

"திரும்பி வர்றதுன்னா... போன காய்ச்சல்தான் போயிடுச்சே?"

கார்த்திகேசு கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, நீங்க ரயில்வேச் சனம். கொட்டகையில நிக்கிற இன்ஜின் புகை விடேல்லை எண்டால் உள்ளுக்குக் கங்கு இல்லை எண்டு ஆகுமோ? காய்ச்சல் விட்டது வேற, நோய் விட்டது வேற. நோய் உள்ளுக்குப் படுத்திருக்கும். ஒரு மாசம், ரெண்டு மாசம், சில நேரம் வருசம். மருந்தை நிப்பாட்டினால் எழும்பி வரும். அது புதுக் காய்ச்சல் இல்லை, பழைய ஆள். ஆனால் திரும்பி வந்தது எண்டால் முந்தி இருந்திருக்க வேணும். இல்லாத ஆள் எப்பிடித் திரும்பி வருவான்? இது கல்யாணத்துக்குப் பிறகு தொடங்கின புதுக் காய்ச்சல் எண்டால், பத்து நாள் மருந்துக்கு அடங்கியிருக்கலாம். பழசு எண்டால் நான் அண்டைக்கே மூண்டு மாத மருந்து குடுத்திருப்பன். இப்ப அவன்ர இரத்தம் தண்ணியாப் போச்சுது. இன்னும் ரெண்டு தரம் இப்பிடி வந்தால் நெஞ்சு தாங்காது."

இராஜம்மா பலகையைப் பிடித்துக்கொண்டாள். இருபது வருஷத்துக்கு முந்தைய கிள்ளான் லயம் கண் முன் வந்தது. அவள் புருஷனுக்கு ஏழு காய்ச்சல் வரவில்லை. ஒரே காய்ச்சல் ஏழு தடவை வந்திருக்கிறது! ஒவ்வொரு தடவையும் தலைக்கு ஊற்றி, ஒவ்வொரு தடவையும் மருந்தைக் கொட்டி, அவள்தான் அதற்குக் கதவைத் திறந்து விட்டிருக்கிறாள். இப்போது பிள்ளைக்கும்.

"ஐயா," என்றாள். "ஐயா, வந்துச்சு. ஆவணியில. துறைமுகத்துல. மருந்தை நாந்தான் வாய்க்கால்ல விட்டேன்."

அவர் திட்டப் போகிறார் என்று தலை குனிந்து நின்றாள். அவர் திட்டவில்லை. பேனாவைத் துடைத்தார். பிறகு கேள்விக்குறியை அடித்துவிட்டு, கனமான ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

"தலைக்கு எத்தினை குடம் வேணுமெண்டாலும் ஊத்துங்கோ. அதுக்குப் பிறகும் இதைக் குடுங்கோ. எனக்குச் சொன்னது மருந்துக்குப் போதும். அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது உங்கட பாடு."

வீட்டுக்கு வந்தபோது வாசலில் செருப்புக் கிடந்தது. உள்ளே சபாபதி தண்டல் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். அவர் காலடியில் மகளின் தகரப் பெட்டி கட்டி வைத்திருந்தது. கதவோரம் உர்சுலா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"வாங்க சம்பந்தி அம்மா," என்றார் சபாபதி. கோபத்தை அடக்கிப் பேசினார். அதனால் ஒவ்வொரு வார்த்தையும் கல் மாதிரி விழுந்தது. "எம் பொண்ணு கால்ல நோய் இருக்குதுன்னு தோட்டம் பூராப் பேச்சு. அந்தக் காலு ஒங்க வீட்டுல எதுக்கு? ரெண்டு மணி ரயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன். மாப்பிள்ளைக்கு நல்லாப் போனா எங்களுக்கும் சந்தோசம்."

"அண்ணே, ஆளு படுத்துக் கெடக்கும்போது பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போறதா?" என்று உர்சுலா குறுக்கிட்டாள்.

"ஒங்க ஊரு நாக்குத்தானம்மா கூட்டிட்டுப் போகச் சொல்லுது!"

இராஜம்மா பொட்டலத்தை இறுக்கிப் பிடித்தாள். ஒன்றும் பேசாமல் இருந்தால் போதும். பெண் போய்விடும், பையனுக்கு மருந்தைக் கொடுத்தால் உடம்பு தேறிவிடும், அவள் செய்தது யாருக்கும் தெரியாமலே போய்விடும். ஜனங்களும், 'பார்த்தாயா, அவள் போனதும் சரியாகிவிட்டது' என்பார்கள். எவ்வளவு சுலபம்!

அப்போது சீதாலெட்சுமி அவள் காலைத் தொட்டாள். அழவில்லை. முகம் வற்றிப் போயிருந்தது.

"நான் போயிடுறேன் அத்தை. உரலை ஊற வச்சிருக்கேன், மாவு சலிச்சு டின்னுல இருக்கு. நான் போனா அவருக்கு நல்லாயிடும்ல? அதை மட்டும் ஒரு வார்த்தை எழுதிப் போடச் சொல்லுங்க."

இராஜம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒன் கால்ல ஒண்ணும் இல்ல தாயி! ஒன் ரத்தம் பளிங்குன்னு டிரஸர் ஐயா அன்னிக்கே சொன்னாரு, நாந்தான் சொல்லல. இது பழைய காய்ச்சல். நீ இந்த வீட்டைப் பாக்கறதுக்கு முன்னாடியே வந்தது. துறைமுகத்துல பன்னெண்டு நாள் கெடந்தான். நான் தலைக்கு ஊத்திட்டு மருந்தைத் தூக்கிப் போட்டேன். ஒங்கப்பாவுக்குத் தெரியக் கூடாதுன்னு மூடி வச்சேன். ஆஸ்பத்திரியில கேட்டப்ப, ஒன்ன பக்கத்துல வச்சுக்கிட்டே இல்லேன்னேன். நோயை அனுப்பாம வச்சிருந்தவ நான். ஊசி குத்துனது ஒன் விரல்ல!"

உர்சுலா நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். உள்ளே கட்டிலிலிருந்து தம்புசாமியின் மெலிந்த குரல் வந்தது: "அம்மா மேல மட்டும் இல்ல மாமா. சொல்லாதேன்னாங்க, நானும் வாய மூடிக்கிட்டேன். இவ விரல்ல குத்துனது எனக்குத் தெரியாது... சத்தியமாத் தெரியாது."

சபாபதியின் முகம் சிவந்தது. "ஒளிச்சு வச்சா பொண்ணு எடுத்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்திரையோடயே கட்டிக் குடுத்திருப்பேனே! எங்க தோட்டத்துல மாத்திரை திங்காதவன் எவன்? இப்பத்தான் நிச்சயமாக் கூட்டிட்டுப் போகணும். எந்திரி புள்ள!"

சீதாலெட்சுமி எழுந்திருக்கவில்லை. மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் இல்லையா?" என்றாள். "அத்தை, நான் இல்லையா?"

"நீ இல்லடி. நீ இல்லவே இல்ல."

அப்போதுதான் அந்தப் பெண் அழுதாள். ஒரு மாதமாகச் சுவருக்கு வெளியே உட்கார்ந்து அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. வாயைப் பொத்தாமல், சத்தம் போட்டு அழுதாள். இராஜம்மா தொடத் துணியாமல் கையை நீட்டுவதும் மடக்குவதுமாக இருந்தாள். அழுது முடித்ததும் சீதாலெட்சுமி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். மாமியார் மடியில் கிடந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

"இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

இராஜம்மா பொட்டலத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கேக்கிறேன்ல அத்தை? முன்னாடியா, பின்னாடியா?"

"பி... பின்னாடி. ஒரு நாளைக்கு ரெண்டு. மூணு மாசம்."

அவள் எழுந்து கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, அந்த ஒரு மாதத்தில் தாண்டாத அறை வாசற்படியைத் தாண்டி உள்ளே போனாள்.

சபாபதி தகரப் பெட்டியைக் காலால் சுவரோரம் தள்ளிவிட்டார். இரண்டு மணி ரயிலுக்கு அவர் தனியாகத்தான் போனார். வழியனுப்பத் தெருமுனை வரை பின்னால் வந்த இராஜம்மாவிடம் திரும்பாமலே சொன்னார்:

"நான் மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீங்க. அதுக்கு நாளாகும்."

"ஆகட்டும் சம்பந்தி."

"மாசா மாசம் வருவேன். எம் பொண்ணு மொகத்தைப் பாப்பேன்."

"வாங்க."

அடுத்த நாள் இராஜம்மா கோட்டர்ஸில் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரைக்கும் ஏறி இறங்கினாள். 'என் மருமகள்மேல் சொன்னது பொய்; நான் செய்தது இது' என்று பதினான்கு வாசலில் பதினான்கு தடவை சொன்னாள். சிலர் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்கள். சிலர் முகத்துக்கு நேரே சிரித்தார்கள். 'மாத்திரை மாமியார்' என்று ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். அது அவள் சாகிற வரைக்கும் போகவில்லை. அவளும் போகச் சொல்லவில்லை. பிறகு வந்த வருஷங்களில் அந்தப் பக்கம் யார் வீட்டிலாவது காய்ச்சல் விட்டுத் தலைக்கு ஊற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டால், கூடையை இறக்கி வைத்துவிட்டு அங்கே போய் உட்கார்ந்துவிடுவாள். குளித்து வந்த ஆள் கண்ணெதிரே மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து காட்டினால்தான் எழுந்திருப்பாள். "காய்ச்சல் விட்டிருக்கு, நோய் விடல" என்பாள். எதற்காக இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் தன் கதையைச் சொன்னாள். ஒரு தடவையாவது அதை வேறு யாரோ ஒருத்தியின் கதையாகச் சொன்னதில்லை.

தம்புசாமி மூன்று மாதமும் மாத்திரை விழுங்கினான். முகத்தில் இரத்தம் ஏறியது. இன்ஜினில் ஏறினான். ஆனால் நோய் அவ்வளவு லேசில் கணக்கை முடிக்கவில்லை. மறு வருஷம் ஆனி மாதம், ஒரு மத்தியானம், அவன் மெல்ல நடந்து வந்து கட்டிலில் படுத்தான். பழைய குளிர் இல்லை. அதன் நிழல் மாதிரி ஒரு சின்ன நடுக்கம். இராஜம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

"ஐயோ, மூணு மாசமும் குடுத்தேனே! ஒரு நாள் விடலியே! இப்ப நான் என்ன தப்புப் பண்ணேன்? சீதா, என்னால ஏதாவது..."

சீதாலெட்சுமி அப்போது ஐந்து மாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் புருஷனோடு ஒட்டி உட்கார்ந்து, அவன் இரண்டு பாதங்களையும் தன் மடியில் எடுத்து வைத்துப் போர்வையால் சுற்றினாள். அத்தையைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"யாரும் ஒண்ணும் பண்ணல அத்தை. பழைய ஆளு, வழி தெரிஞ்சவன், எட்டிப் பாத்துட்டுப் போக வந்திருக்கான். போய் டிரஸர் ஐயாகிட்டப் பொட்டலம் வாங்கிட்டு வாங்க."

"சிரிங்க, நல்லாச் சிரிங்க," என்றது போர்வைக்குள்ளிருந்து குரல். "கசப்பு எனக்குத்தான!"

இராஜம்மா குடையை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினாள். பின்னால், பொத்தாத வாயோடு மருமகள் சிரிக்கிற சத்தம் தெரு வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.